மில்கிராம் ஷாக் சோதனை: அந்த 65 சதவீதத்தை எப்படி படிக்கணும், அதை செஞ்ச விதம் சரியா

கேட்டது மூணு விஷயம். மில்கிராம் சோதனைல 65 சதவீதம் பேர் வெறும் பேச்சுக்கு கட்டுப்பட்டு முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு உயிர் போற அளவு ஷாக் கொடுத்தாங்கங்கறது நிஜமா, நிஜம்னா மேலிடம் சொன்னா மனுஷங்க என்ன வேணாலும் செய்வாங்கன்னு எடுத்துக்கலாமா, அப்புறம் அப்படி ஒரு சோதனையை மனுஷங்க மேல செஞ்சது சரியா, இன்னைக்கு செய்ய விடுவாங்களா. நான் பல வருஷமா சைக்காலஜி பாடம் எடுக்கறேன், ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கற எதிக்ஸ் கமிட்டிலயும் உட்கார்ந்திருக்கேன், அதனால இந்த மூணையும் தனித்தனியா பிரிச்சு பதில் சொல்ல எனக்கு முடியல. முதல் கேள்விக்கும் கடைசி கேள்விக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு, அந்த ரூம்ல இருந்து எழுந்து போற வழி எவ்வளவு திறந்திருந்தது, யார் அதை மூடினாங்கங்கற இடத்துல.

முதல்ல நடந்தது என்னன்னு சரியா பார்த்துடலாம், ஏன்னா சுத்தற கதைல பாதி விவரம் மாறிப்போயிருக்கு. 1961 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 1962 மே வரைக்கும் அமெரிக்கால நியூ ஹேவன் ஊர்ல யேல் யுனிவர்சிட்டில நடந்தது. ஸ்டான்லி மில்கிராமுக்கு அப்ப 28 வயசுதான். அதே 1961ல ஜெருசலேம்ல ஐக்மன்ங்கற நாஜி அதிகாரி மேல விசாரணை நடந்துட்டு இருக்கு, லட்சக்கணக்கான யூதர்களை சாவுக்கு அனுப்பினவன் கூண்டுல நின்னு மேல இருந்து உத்தரவு வந்தது நான் செஞ்சேன்னு சொல்லிட்டு இருக்கான், மில்கிராம் யூதக் குடும்பத்துல பிறந்தவர், அவருக்கு இது வெறும் படிப்பு விஷயமா இருந்திருக்க முடியாது.

பேப்பர்ல விளம்பரம் போட்டாங்க, ஞாபகசக்தி பத்தின ஆராய்ச்சி, ஒரு மணி நேரம், 4 டாலரும் போக்குவரத்துக்கு 50 சென்ட்டும். வந்தவங்க தபால்காரர், ஸ்கூல் வாத்தியார், சேல்ஸ்மேன், இன்ஜினியர், கூலி வேலை பார்க்கறவங்கன்னு எல்லா ரகமும். உள்ள வந்ததும் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார், 47 வயசு, சாதுவான முகம், அக்கவுண்டன்ட். அவரும் விளம்பரம் பார்த்து வந்தவர்னு சொல்வாங்க, ஆனா அவர் இவங்க செட் பண்ணின ஆள். சீட்டு குலுக்கி போடுவாங்க, ரெண்டு சீட்டுலயும் டீச்சர்னுதான் எழுதியிருக்கும். அக்கவுண்டன்டை பக்கத்து ரூம்ல நாற்காலில கட்டி எலக்ட்ரோடு மாட்டுவாங்க, வந்தவர் கண்ணால பார்ப்பார். வந்தவருக்கும் ஒரு தடவை 45 வோல்ட் ஷாக் கொடுத்து காட்டுவாங்க, அது மட்டும்தான் மொத்த சோதனைலயும் நிஜமான ஷாக். அப்புறம் முன்னாடி ஒரு மெஷின், 30 ஸ்விட்ச், 15 வோல்ட்ல ஆரம்பிச்சு பதினஞ்சு பதினஞ்சா ஏறி 450 வரைக்கும், கீழ லேசான ஷாக்னு ஆரம்பிச்சு ஆபத்து கடுமையான ஷாக்னு எழுதியிருக்கும், கடைசி ரெண்டு ஸ்விட்ச்ல எழுத்தே இல்ல, மூணு எக்ஸ் மட்டும். பக்கத்துல சாம்பல் கலர் கோட் போட்ட ஒருத்தர் (வெள்ளை கோட்னு நிறைய பேர் எழுதறாங்க, அது தப்பு, அவர் டாக்டரும் இல்ல, ஒரு ஹைஸ்கூல் பயாலஜி டீச்சர் இந்த வேலைக்காக வந்தவர்). வந்தவர் டீச்சரா கேள்வி கேட்கணும், பக்கத்து ரூம்ல இருக்கற அக்கவுண்டன்ட் சொல்ற பதில் தப்பானா ஷாக்கை ஒரு படி ஏத்தணும். தயங்கினா அவர் நாலு வாக்கியம் வரிசையா சொல்வார், முதல்ல தயவுசெஞ்சு தொடருங்க, அப்புறம் சோதனைக்கு நீங்க தொடர்றது தேவை, அப்புறம் நீங்க தொடர்றது ரொம்ப அவசியம், கடைசியா உங்களுக்கு வேற வழியே இல்ல, தொடர்ந்தே ஆகணும்.

1963ல வெளியான முதல் கட்டுரைல 40 ஆண்கள், அதுல 26 பேர் 450 வரை போனாங்க. 300 வோல்ட்ல சுவரை தட்டற சத்தம் கேட்கும், 315ல இன்னொரு தடவை, அதுக்கப்புறம் நிசப்தம். 300க்கு முன்னாடி ஒருத்தர்கூட நிறுத்தல. முன்கூட்டியே யேல் மாணவர்கள்கிட்ட எத்தனை பேர் கடைசி வரை போவாங்கன்னு கேட்டப்ப சராசரியா நூத்துக்கு ஒருத்தர்னு சொல்லியிருந்தாங்க. ஆக 65 சதவீதம் நிஜம், அதுல சந்தேகம் இல்ல.

ஆனா அந்த 26 பேரை கல்மனசுக்காரங்கன்னு நினைச்சா ரொம்ப தப்பு. கட்டுரையை உட்கார்ந்து படிச்சு பாருங்க, வேர்த்து கொட்டுது, கை நடுங்குது, பேச்சு திக்குது, உதட்டை கடிக்கறாங்க, நகத்தை உள்ளங்கைல குத்திக்கறாங்க, 40ல 14 பேருக்கு அடக்க முடியாம சம்பந்தமில்லாத சிரிப்பு வந்துருக்கு, மூணு பேருக்கு உடம்பே தூக்கிப்போடற மாதிரி ஆயிருக்கு, அதுல ஒருத்தருக்கு ரொம்ப மோசமாகி சோதனையையே நிறுத்த வேண்டியதா போச்சு. சிரிச்ச மூஞ்சியா நம்பிக்கையோட உள்ள வந்த ஒரு பிசினஸ்காரர் 20 நிமிஷத்துல நடுங்கி திக்கி உடைஞ்சு போற நிலைக்கு வந்துட்டார்னு மில்கிராமே எழுதறார். இந்த வரிகளை நான் வகுப்புல சத்தமா படிக்க சொல்வேன், ஏன்னா இதுல ரெண்டு உண்மை ஒரே நேரத்துல இருக்கு. ஒண்ணு, இவங்களுக்கு மனசாட்சி இருந்தது, அது அலறிட்டு இருந்தது, அலறிட்டே கை ஸ்விட்சை போட்டுது. இன்னொண்ணு, இந்த அவஸ்தையை எல்லாம் ஒருத்தர் கண்ணாடிக்கு பின்னாடி இருந்து பார்த்து குறிச்சுட்டு இருந்தார், அடுத்த நாள் அடுத்த ஆளை கூப்பிட்டார்.

இப்ப ரெண்டாவது கேள்வி. 65ங்கறது மனுஷ குணத்தோட அளவு கிடையாது, ஒரு குறிப்பிட்ட ரூம்ல ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டுல வந்த அளவு. மில்கிராம் செஞ்சது ஒரு சோதனை இல்ல, 20க்கு மேல மாத்தி மாத்தி செஞ்சார், மொத்தம் 780 பேர் வரைக்கும் வந்துபோனாங்க, என்னை கேட்டா அவரோட நிஜமான சாதனை இந்த மாற்றங்கள்தான், ஆனா அதைத்தான் யாரும் ஷேர் பண்றதில்ல. அடி வாங்கறவர் அதே ரூம்ல கண்ணுக்கு முன்னாடி இருந்தா 40 சதவீதமா இறங்குது. அவர் கையை இவங்களே பிடிச்சு தகட்டுல அழுத்தணும்னா 30. உத்தரவு போடறவர் வெளிய போய் போன்ல சொன்னா அஞ்சுல ஒருத்தர்தான் கடைசி வரை போறார், அதுலயும் சில பேர் போன்ல ஏத்திட்டேன் ஏத்திட்டேன்னு பொய் சொல்லிட்டு மெஷின்ல மிகக் குறைஞ்ச ஸ்விட்சையே போட்டுட்டு இருந்துருக்காங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச விவரம் இது, அவங்களுக்கு அந்த ஆளை காப்பாத்தணும்னு தோணியிருக்கு, மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ற தைரியம் மட்டும் வரல, கண்காணிப்பு போனதும் அவங்களுக்கு தெரிஞ்ச வழில மறுத்துட்டாங்க.

இன்னும் இருக்கு. யேல் பேரே இல்லாம பிரிட்ஜ்போர்ட்ல ஒரு சாதாரண ஆபீஸ் கட்டடத்துல வச்சு செஞ்சப்ப 48 சதவீதத்துக்கு வந்துச்சு. கூட உட்கார்ந்த ரெண்டு பேர் (அவங்களும் செட் பண்ணினவங்க) ஒவ்வொருத்தரா நான் செய்யமாட்டேன்னு எழுந்தா 10 சதவீதம்தான் மிஞ்சறாங்க. கோட் போட்ட ரெண்டு பேர் இருந்து 150 வோல்ட்ல ஒருத்தர் தொடருன்னும் இன்னொருத்தர் நிறுத்துன்னும் சொன்னா ஒருத்தர்கூட கடைசி வரை போகல. ஷாக் அளவை நீங்களே முடிவு பண்ணிக்குங்கன்னு விட்டா 40ல ஒரே ஒருத்தர்தான் உச்சிக்கு போனார், அதாவது வாய்ப்பு கிடைச்சா மனுஷன் கொடுமை செய்வான்ங்கற வாதம் இங்கயே அடிபட்டு போகுது. அதே சமயம் ஸ்விட்ச் போடற வேலையை இன்னொருத்தர் செய்ய இவர் கேள்வி மட்டும் படிச்சா போதும்னு வச்சப்ப 40ல 37 பேர் கடைசி வரை கூடவே இருந்தாங்க. பெரிய நிர்வாகத்துல வேலை பார்த்தவங்க இந்த ஒரு எண்ணை பத்தி கொஞ்ச நேரம் யோசிக்கணும், கையெழுத்து போடறவர் ஒருத்தர், டைப் பண்றவர் ஒருத்தர், அனுப்பறவர் ஒருத்தர்னு வேலையை துண்டு துண்டா பிரிச்சுட்டா யாருக்கும் தான் செஞ்ச மாதிரியே தோணாது.

மில்கிராம் வெளியிடாம விட்ட ஒரு மாற்றமும் இருந்துச்சு, அதுல நண்பர்களையோ உறவுக்காரங்களையோ ஜோடியா வரச்சொல்லி ஒருத்தரை நாற்காலில உட்கார வச்சாங்க, 20 ஜோடில 3 பேர் மட்டும்தான் கடைசி வரை போனாங்க. அதை ஆவணக் காப்பகத்துல இருந்து பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் எடுத்து எழுதினப்பதான் வெளிய பரவலா தெரிஞ்சது. இந்த எண் 1963லயே 65க்கு பக்கத்துல நின்னிருந்தா மனுஷ குணம் பத்தி இவ்வளவு இருட்டான ஒரு கதை உலகம் பூரா பரவியிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

எங்க நிறுத்தறாங்கங்கறதும் முக்கியம். பின்னாடி செஞ்ச மாற்றங்கள்ல 150 வோல்ட்ல அந்த ஆள் முதல் தடவையா என்னை வெளிய விடுங்க, நான் தொடர விரும்பலன்னு கத்துவார். டொமினிக் பேக்கர் 2008ல எட்டு மாற்றங்களோட தரவை சேர்த்து பார்த்தப்ப நிறுத்தினவங்கள்ல ரொம்ப பேர் நிறுத்தினது அந்த 150லதான்னு தெரிஞ்சது. வலில கத்தற சத்தம் ஏற ஏற நிறுத்தறவங்க ஏறல, அந்த ஆள் எனக்கு சம்மதம் இல்லன்னு உரிமையை பேசின அந்த ஒரு இடத்துலதான் ஜனங்க பிரியறாங்க. அதைத் தாண்டிட்டா அடுத்த படி முந்தின படியை விட 15 வோல்ட்தான் அதிகம், இதை செஞ்சுட்டு அதை ஏன் செய்யலன்னு தனக்குத்தானே சொல்ல காரணம் கிடைக்காது.

அந்த நாலு வாக்கியத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. நாலுல நிஜமான உத்தரவுன்னு சொல்லணும்னா கடைசி ஒண்ணுதான், உங்களுக்கு வேற வழியே இல்லங்கறது, அதுதான் வேலைக்கே ஆகல. ஹாலந்துல இருந்து குடியேறின ஒரு இன்ஜினியர்கிட்ட அதை சொன்னப்ப எனக்கு வழி இருக்கு, நான் என் இஷ்டத்துலதான் இங்க வந்தேன்னு சொல்லிட்டு நிறுத்திட்டார். மில்கிராம் சோதனையை பிற்பாடு மறுபடி செஞ்ச ஜெர்ரி பர்கர் தன்னோட தரவை எடுத்து பார்த்தப்ப நாலாவது வாக்கியம் வரைக்கும் போனவங்கள்ல யாருமே அதை கேட்டு தொடரல. இதை வச்சுதான் அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீஃபன் ரைக்கரும் வேற விளக்கம் கொடுக்கறாங்க. மில்கிராம் சொன்னது, மனுஷன் மேலிடத்துக்கு முன்னாடி ஏஜென்ட் மாதிரி ஆயிடறான், பொறுப்பை அவங்க தலைல வச்சுட்டு வெறும் கருவியா இருக்கான்னு. இவங்க சொல்றது, இல்ல, கருவி கிடையாது, அறிவியல் நல்லதுக்குதான், நாம அதுக்கு உதவறோம்ங்கற நம்பிக்கைலதான் ஜனங்க செய்யறாங்க, சோதனைக்கு தேவைன்னா கேட்கறாங்க, மிரட்டினா கேட்க மாட்டேங்கறாங்க. எனக்கு இந்த ரெண்டாவது விளக்கம்தான் அந்த நடுக்கத்தோடயும் எண்களோடயும் நல்லா பொருந்துது, ஆனா முழுசா இது மட்டும்தான்னும் சொல்ல மாட்டேன். லண்டன்ல எமிலி காஸ்பரும் பேட்ரிக் ஹாகார்டும் 2016ல வெளியிட்ட ஆய்வுல உத்தரவு பேர்ல ஒரு காரியத்தை செய்யும்போது நாமதான் இதை செய்யறோம்ங்கற உணர்வே மங்கிப்போறதா அளந்து காட்டியிருக்காங்க, அதனால மில்கிராம் விளக்கத்துலயும் ஒரு துளி உண்மை இருக்கு.

லேபுக்கு வெளிய இது நடக்காதான்னா நடந்துருக்கு. சார்லஸ் ஹாஃப்லிங்கும் கூட இருந்தவங்களும் 1966ல வெளியிட்டது, ஆஸ்பத்திரில ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு முன்பின் தெரியாத ஒரு டாக்டர் பேர்ல போன் வரும், ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுன்னு, பாட்டில்லயே 10க்கு மேல கூடாதுன்னு எழுதியிருக்கும், போன்ல மருந்து எழுதறதே ஆஸ்பத்திரி விதிக்கு விரோதம். 22ல 21 பேர் எடுத்துட்டு கிளம்பிட்டாங்க, வழில நிறுத்தி சொன்னாங்க, மருந்து வெறும் சர்க்கரை மாத்திரைதான். பயமா இருக்கும் இதை படிச்சா. ஆனா 1977ல ராங்க், ஜேகப்சன் ரெண்டு பேரும் நர்ஸுங்களுக்கு நல்லா தெரிஞ்ச மருந்தை வச்சு, கூட வேலை செய்யறவங்ககிட்ட கலந்து பேச வாய்ப்பும் இருந்தப்ப செஞ்சாங்க, 18ல 2 பேர்தான் கொடுக்க போனாங்க. அறிவும் துணையும் இருந்தா முடிவு தலைகீழா மாறுது பாருங்க. இன்னொரு பக்கம் 2004ல கென்டக்கில ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கு போலீஸ்னு சொல்லி ஒருத்தன் போன் பண்ணி, 18 வயசு பொண்ணு திருடிட்டான்னு சொல்லி உதவி மேனேஜரை வச்சே அவளை மணிக்கணக்குல அவமானப்படுத்தின கேஸ் கோர்ட் வரைக்கும் போச்சு, அங்கயும் வேலை செஞ்ச வயசான ஒரு ஆள் இதெல்லாம் நான் செய்யமாட்டேன்னு மறுத்த பிறகுதான் அந்த உதவி மேனேஜருக்கு தெளிஞ்சது.

ஸ்டான்ஃபோர்ட் சிறை சோதனையையும் இதோட சேர்த்து கேட்கறாங்க. 1971ல பிலிப் ஜிம்பார்டோ செஞ்சது, மாணவர்களை கைதிகளாவும் காவலர்களாவும் பிரிச்சு ஒரு போலி ஜெயில்ல வச்சார், ரெண்டு வாரம் திட்டம் போட்டு ஆறு நாள்ல நிறுத்தினாங்க. அதை மில்கிராமுக்கு சமமான ஆதாரமா வைக்காதீங்க. காவலர்களா இருந்தவங்களுக்கு கடுமையா இருக்கணும்னு நடத்தினவங்களே தூண்டுதல் கொடுத்தது பதிவுகள்ல இருந்து வெளிய வந்தாச்சு, ஜிம்பார்டோ தானே ஜெயில் சூப்பரின்டென்டன்ட் வேஷம் போட்டிருந்தார், ஒப்பிட்டு பார்க்க வேற குழுவும் கிடையாது.

இப்ப எதிக்ஸ். 1964ல டயானா பாம்ரிண்ட் எழுதின விமர்சனம்தான் இதுல முதல் பெரிய குரல். அவங்க கேட்டது ரொம்ப நேரான கேள்வி, லேபுக்கு வர்றவன் ஏற்கனவே பயத்தோட, நம்பிக்கையோட, நீங்க சொல்றதை கேட்கற மனநிலைலதான் வர்றான், அந்த நம்பிக்கையை வச்சே அவனை இந்த அளவு கலங்கடிச்சுட்டு, கடைசில உனக்குள்ள இப்படி ஒருத்தன் இருக்கான்னு காட்டி அனுப்பறது அவனுக்கு செய்யற தீங்கு இல்லையா, இனி எந்த பெரிய மனுஷங்களையும் நம்ப முடியாம போகாதா. மில்கிராம் பதில் எழுதினார், இவ்வளவு பேர் போவாங்கன்னு எனக்கே முன்கூட்டி தெரியாது, முடிஞ்சதும் எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தோம், பின்னாடி கேள்வித்தாள் அனுப்பினதுல 84 சதவீதம் பேர் கலந்துகிட்டதுக்கு சந்தோஷம்னு சொன்னாங்க, வருத்தப்பட்டவங்க 1.3 சதவீதம்தான்னு.

இந்த பதில் எனக்கு போதல, காரணம் சொல்றேன். முன்கூட்டி தெரியாதுங்கறது முதல் சில நாளைக்கு சரி, அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆளும் நடுங்கறதை பார்த்துட்டே மாசக்கணக்குல நூத்துக்கணக்கான பேரை உட்கார வச்சப்ப அது செல்லாது. அப்புறம் அந்த விளக்கம். ஆஸ்திரேலியாவை சேர்ந்த ஜீனா பெர்ரி யேல்ல இருக்கற ஒலிப்பதிவையும் தாள்களையும் வருஷக்கணக்குல பார்த்து, கலந்துகிட்டவங்கள்ல சிலரை தேடிப் போய் பேசி 2012ல வெளிய கொண்டுவந்தது என்னன்னா, பெரும்பாலானவங்களுக்கு அன்னைக்கு முழு உண்மையை சொல்லவே இல்ல. நீங்க நினைச்ச அளவு ஷாக் கடுமை இல்லன்னு சொல்லி அந்த அக்கவுண்டன்ட்கிட்ட கை குலுக்க வச்சு அனுப்பிட்டாங்க, ஷாக்கே இல்லங்கறது மாசங்கள் கழிச்சு தபால்ல வந்த அறிக்கைலதான் அவங்களுக்கு தெரிஞ்சது. ஒரு மனுஷனை நான் கொன்னுட்டேனோன்னு நினைச்சுட்டு வீட்டுக்கு போன ஆள் அந்த மாசங்களை எப்படி ஓட்டியிருப்பார்னு யோசிச்சா கோபம் வருது எனக்கு. அந்த நாலு வாக்கியமும் நாலோட நிக்கல, சில பேர்கிட்ட கோட் போட்டவர் திரும்ப திரும்ப வாக்குவாதம் பண்ணி தள்ளியிருக்கார்னு ஒலிப்பதிவுல கேட்குது. வந்ததுக்கே பணம், என்ன நடந்தாலும் அது உங்களோடதுன்னு முதல்லயே சொன்னாங்க, அது நல்ல விஷயம்தான், ஆனா எழுந்து போறேன்னு சொன்னவரை வேற வழியே இல்லன்னு சொன்னா அந்த முதல் வார்த்தைக்கு என்ன மதிப்பு.

84 சதவீதம் சந்தோஷம்ங்கறதையும் நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன். அறிவியலுக்கு உதவினீங்கன்னு பாராட்டி எழுதின அதே ஆராய்ச்சியாளர் கேட்கும்போது, நான் செஞ்சதுக்கு ஒரு அர்த்தம் இருந்தது போலன்னு பிடிச்சுக்கத்தான் யாருக்கும் தோணும். அதே சமயம் சில பேருக்கு நிஜமாவே நல்லது நடந்துருக்குன்னும் சொல்லணும், வியட்நாம் போர் சமயத்துல ஒருத்தர் மில்கிராமுக்கு கடிதம் எழுதினார், அந்த சோதனைலதான் நான் யார் சொல்லி என்ன செய்யறேன்னு புரிஞ்சது, இப்ப ராணுவத்துக்கு போகமாட்டேன்னு மறுக்க போறேன், ஜெயிலுக்கும் தயார்னு. அது மனசை தொடற கடிதம்தான், ஆனா முன்கூட்டி கேட்காம செஞ்ச தீங்கை பின்னாடி விளைஞ்ச நல்லதை வச்சு நியாயப்படுத்தற வழக்கம் வந்துட்டா எந்த கமிட்டியாலயும் எதையும் தடுக்க முடியாது.

இன்னொரு ஓட்டையும் இருக்கு, இது அறிவியல் பக்கம். கலந்துகிட்டவங்கள்ல பாதிக்கு கொஞ்சம் மேலதான், 56 சதவீதம், ஷாக் நிஜம்னு முழுசா நம்பினதா பின்னாடி சொன்னாங்க. பெர்ரியும் கூட்டாளிகளும் காப்பகத் தரவை அலசி எழுதினதுல, வலிக்குதுன்னு நம்பினவங்கதான் அதிகமா நிறுத்தியிருக்காங்க, சந்தேகப்பட்டவங்கதான் அதிகமா தொடர்ந்துருக்காங்க. இதை வச்சு மொத்தமும் பொய்னு தூக்கி போடறவங்களோட நான் ஒத்துப்போகல, அவ்வளவு வேர்வையும் நடுக்கமும் நடிப்பில்ல. ஆனா ஏமாத்தி செய்யற ஆராய்ச்சிக்கு இது நிரந்தரமான தண்டனை, நீ அவனை ஏமாத்தினியா அவன் உனக்கு நடிச்சு காட்டினானான்னு கடைசி வரை உறுதியா சொல்ல முடியாது. இந்த சந்தேகத்தை போக்கறேன்னு ஷெரிடனும் கிங்கும் 1972ல ஒரு நாய்க்குட்டிக்கு நிஜமாவே ஷாக் கொடுக்க வச்சு பார்த்தாங்க, 26ல 20 பேர் கடைசி வரை போனாங்க, மனசுல ஒரு கேள்வி தீரணும்னு ஒரு உயிரை வதைச்சதை மில்கிராம் செஞ்சதை விட மோசமாதான் நான் பார்க்கறேன்.

இன்னைக்கு விடுவாங்களான்னா, அப்படியே விடமாட்டாங்க. மில்கிராமால மட்டும் விதிகள் வந்ததுன்னு சொல்றது சரியில்ல, 1947 நியூரம்பர்க் விதியே சம்மதம் இல்லாம மனுஷங்க மேல சோதனை கூடாது, நடுவுல நிறுத்தற உரிமை வேணும்னு சொல்லியாச்சு, டஸ்கீகில கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் இருந்தும் சிகிச்சை தராம 40 வருஷம் வேடிக்கை பார்த்தது 1972ல வெளிய வந்த பிறகுதான் அமெரிக்கால 1974ல சட்டம் போட்டு கமிட்டிகளை கட்டாயமாக்கினாங்க. ஆனா சைக்காலஜில நடுவுல போகலாம்ங்கற விதியை பத்தி பேசும்போது எல்லார் மனசுலயும் முதல்ல வர்றது அந்த நாலு வாக்கியம்தான்.

பர்கர் 2009ல வெளியிட்டது எப்படி அனுமதி வாங்கினார்னா, 150 வோல்ட்டோட நிறுத்திடுவார், அதைத் தாண்ட தயாரா இருக்காரான்னு மட்டும் பார்ப்பார், மனநலம் பாதிக்க வாய்ப்பு இருக்கறவங்களை முதல்லயே கழிச்சுட்டார், மாதிரி ஷாக்கை 45ல இருந்து 15 வோல்ட்டா குறைச்சார், எப்ப வேணாலும் போகலாம் பணம் உங்களோடதுன்னு மூணு தடவை சொன்னார், முடிஞ்ச சில நொடிலயே ஷாக் இல்லன்னு சொல்லிட்டார். அப்படியும் 70 சதவீதம் பேர் 150ஐ தாண்ட தயாரா இருந்தாங்க, மில்கிராம்கிட்ட அதே இடத்துல 82.5. போலந்துல டோலின்ஸ்கி குழு பத்து ஸ்விட்ச் வச்சு 2017ல வெளியிட்டதுல 80ல 72 பேர் பத்தாவது வரை போனாங்க. மெல் ஸ்லேட்டர் 2006ல கம்ப்யூட்டர்ல உருவாக்கின ஒரு பெண் உருவத்துக்கு ஷாக் கொடுக்க வச்சார், அது நிஜமான ஆள் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், அப்படி இருந்தும் அவங்க உடம்பு நிஜமா நடந்த மாதிரி பதறுச்சு. ஆம்ஸ்டர்டாம்ல பொக்கியாரோ, ஜிம்பார்டோ, வான் லாங்கே 2012ல வெளியிட்டதுல ஷாக்கே இல்ல, ஆபத்தான ஒரு ஆராய்ச்சிக்கு உன் நண்பர்களை ஆசை காட்டி எழுதுன்னு கேட்டாங்க, 149 பேர்ல 76.5 சதவீதம் எழுதி கொடுத்தாங்க, மேல புகார் செஞ்சது 9.4 சதவீதம். இதே சூழலை வேற மாணவர்கள்கிட்ட விவரிச்சு நீங்கன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டப்ப எழுதுவேன்னு சொன்னது 3.6 சதவீதம்தான், 64.5 சதவீதம் புகார் செய்வோம்னு சொன்னாங்க.

ஒரிஜினல் திட்டம் இன்னைக்கு என் மேஜைக்கு வந்தா நான் கையெழுத்து போடமாட்டேன். பர்கர் மாதிரி வந்தா ஒரு திருத்தத்தோட போடுவேன், நிறுத்தறேன்னு சொன்னவரை மறுபடி தள்ளற வாக்கியம் எதுவுமே கூடாது, தயங்கறவர்கிட்ட பேசலாம், முடியாதுன்னு சொன்னவர்கிட்ட பேசக்கூடாது. இதனால ஆராய்ச்சி பலவீனமாகும்னு சொல்வாங்க, எனக்கு அப்படி தோணல, ஏன்னா கீழ்ப்படியறவங்க எத்தனை பேர்ங்கறது நமக்கு போதுமான அளவு தெரிஞ்சாச்சு, நிறுத்தறவங்க எப்படி நிறுத்தறாங்கங்கறதுதான் குறைவா தெரியுது. அதுக்கு புதுசா யாரையும் கலங்கடிக்கவும் தேவையில்ல. மேத்யூ ஹாலண்டர் 2015ல மில்கிராமோட பழைய ஒலிப்பதிவுகள்ல 117ஐ எடுத்து ஒவ்வொரு பேச்சையும் எழுதி அலசினார். கடைசி வரை போனவங்களும் தயங்கியிருக்காங்க, பெருமூச்சு விட்டுருக்காங்க, சிரிச்சுருக்காங்க, அவருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சான்னு கோட் போட்டவரை கேட்டுருக்காங்க. நிறுத்தினவங்களும் இதையெல்லாம் செஞ்சவங்கதான், ஆனா அவங்க சீக்கிரமே ஆரம்பிச்சாங்க, கேள்வியா கேட்காம நான் இதை செய்யமாட்டேன்னு நேரா சொன்னாங்க, ஒரு தடவை சொல்லி எடுபடலன்னா மறுபடி சொன்னாங்க.